மேடத்தின் காலடி மண்

போன வாரம் ரேவதி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்று வந்த மையத்தில் இப்போது அவள்தான் அங்கன்வாடி டீச்சர். சின்னப் பெண், சுறுசுறுப்பானவள், எதற்கெடுத்தாலும் பாயிண்ட் கேட்பாள்.

“டீச்சர், டிரெய்னிங்ல என்னைப் பேசச் சொல்லிட்டாங்க. ‘பண்பாட்டுக் கல்வி மூலம் எல்லாக் குழந்தைகளையும் அரவணைத்தல்’, இதான் தலைப்பு. உங்க சர்வீஸ்ல பாத்ததை பாயிண்ட் பாயிண்டா சொல்லுங்க, எழுதிக்கறேன்.”

“பாயிண்டெல்லாம் என்கிட்ட இல்லம்மா. சூப்பர்வைசர் மேடத்தோட காலடி மண்ணு எடுக்கப் போன கதை ஒண்ணு இருக்கு. வேணுமா?”

“அதை டிரெய்னிங்ல சொல்லலாமா டீச்சர்?” என்றாள்.

சொல்லக் கூடாதுதான். சொன்னால் ரேவதிக்கு மெமோ வரும். எனக்கு இனிமேல் யாரும் மெமோ கொடுக்க முடியாது என்பதால் நானே எழுதிவிடுகிறேன்.

என் பெயர் ஸ்டெல்லா. மத்தூர்ப் பக்கம் பிறந்தவள். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. தேங்காய் ஓட்டில் ஆமை, தீப்பெட்டியில் ரயில், உடைந்த வளையலில் தோரணம் எல்லாம் செய்யச் சொல்லிக்கொடுத்தார்கள். குழந்தை பேசுவது நமக்குப் புரியாவிட்டால் என்ன செய்வது என்பதை மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை. முதல் வேலையே கர்நாடக எல்லையில் இருக்கும் தளிக்குப் பக்கத்தில். அந்தக் குளிரில் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, நிலாவைப் பற்றி ஒரு பாட்டை ஆடிப் பாடினேன். குழந்தைகள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆகா, மயங்கிவிட்டார்கள் என்று நினைத்தேன். பாட்டு முடிந்ததும் ஒரு வாண்டு எழுந்து கன்னடத்தில் என்னவோ கேட்டான். உதவிக்கு இருந்த ஆயாவிடம் அர்த்தம் கேட்டேன். “இந்தம்மா எப்ப வீட்டுக்குப் போவும்னு கேக்கறான்” என்றாள்.

அப்புறம் கன்னடம் கற்றுக்கொண்டேன். சாப்பாடு, தண்ணீர், ஒண்ணுக்கு, ‘அம்மா வந்துடுவா’ என்ற அளவுக்குத்தான். அதை வைத்துக்கொண்டே பல வருஷம் ஓட்டினேன். பெரியவர்களிடம் பேசினால் சிரிப்பார்கள், குழந்தைகளிடம் செல்லுபடியானது.

சர்வீஸின் கடைசிப் பகுதியில் ஓசூருக்கு மாற்றல் வந்தது. தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு மையம். சுற்றிலும் லைன் வீடுகள். ஒரே நீளமான கட்டடத்தில் வரிசையாக அறைகள் இருக்கும், கதவுக்கு ஒரு குடும்பம், எல்லோருக்கும் சேர்த்து ஒரு குழாய். ஒரு கதவில் ஒடிசாக்காரர், அடுத்த கதவில் பீகார்க்காரர், அதற்கடுத்து ஆந்திரா, அப்புறம் ஆனேக்கல் பக்கத்துக் கன்னடக்காரர், கடைசியில் திருவண்ணாமலைக்காரர். இங்கே என் தளிக் கன்னடம் தண்ணீர் கொடுக்கும் வரைக்கும்கூட ஓடவில்லை.

எனக்கு வாய்த்த உதவியாளர் முனிரத்னம்மா. வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், என்னிடம் தமிழ், கோபம் வந்தால் மூன்றும். குழந்தைகளுக்கு முட்டை உரித்துக் கொடுப்பதும் அவள்தான், அவர்கள் வீட்டுச் சண்டைக்குப் பஞ்சாயத்து செய்வதும் அவள்தான்.

எங்கள் மையத்தில் மாதா மாதம் எடை பார்ப்பது ஒரு பெரிய சடங்கு. தராசைச் சமமான தரையில் வைக்க வேண்டும். முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். குழந்தையின் செருப்பு, ஸ்வெட்டர், இடுப்பில் கட்டிய சலங்கை, பாக்கெட்டில் இருக்கும் கூழாங்கல் எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். சுவரைப் பிடிக்காமல், ஆயாவின் சேலையைப் பிடிக்காமல், அழாமல் நிற்க வைக்க வேண்டும். சொல்லும்போது சுலபமாகத்தான் இருக்கிறது. மூன்று வயசுக் குழந்தையை எதையும் பிடிக்காமல் நிற்கச் சொல்லிப் பாருங்கள், தெரியும்.

இதில் அரசாங்கம் சொல்லாத ஒரு வேலையை முனிரத்னம்மா சேர்த்திருந்தாள். தராசில் ஏற்றுவதற்கு முன்னால் ஒவ்வொரு குழந்தையின் கன்னத்திலும் கண்மையால் பெரிய திருஷ்டிப் பொட்டு வைப்பாள். “எத்தினி கிலோன்னு சத்தமா சொல்றீங்க இல்ல டீச்சரம்மா, நாலு பேரு காதுல விழுதில்ல?” என்பாள். நான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். திருஷ்டியெல்லாம் எங்களுக்குக் கிடையாது என்று சொல்லிக்கொள்வேன். எங்கம்மா ஜெபம் சொல்லிக்கொண்டே உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுவார் என்பது வேறு விஷயம். அதனால் பொட்டு விஷயத்தில் நான் தலையிடவில்லை.

அந்த மையத்துக்கு ஒரு ஒடிசாக் குழந்தை வந்தது. பெயர் மாமுனி. அவர்கள் ஊரில் பெண் குழந்தையைச் செல்லமாக அப்படிக் கூப்பிடுவார்களாம். முதல் நாள் நான் பெயரைப் படித்ததும் முனிரத்னம்மா இரண்டு கையையும் கூப்பிவிட்டாள். குழந்தையும் பெயருக்கு ஏற்ற மாதிரிதான் இருந்தது. பேசாது, சிரிக்காது, ஒரு மூலையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எங்களையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும். கையும் காலும் குச்சி. அம்மா சபிதா ரோஜாப்பூ பேக்கிங் ஷெட்டில் வேலை, அப்பா ஒரு வார்ப்புக் கம்பெனியில் ஷிப்ட். சபிதாவின் ஊர் ஆந்திர எல்லையை ஒட்டியது, அதனால் தெலுங்கு பேசுவாள். அவளும் முனிரத்னம்மாவும் தெலுங்கில் பேசிக்கொள்வார்கள். எனக்குத் தேவையான அளவுக்கு முனிரத்னம்மா தமிழில் சொல்லுவாள், தேவையில்லை என்று அவள் நினைப்பதைச் சொல்ல மாட்டாள்.

சத்துமாவும் முட்டையும் மெதுவாக வேலை செய்தன. மாமுனிக்குக் கன்னம் வந்தது. மூலையிலிருந்து எழுந்து வந்து, பசங்க கட்டுகிற மணல் வீட்டை மிதித்துவிட்டுத் திரும்பப் போய் உட்கார ஆரம்பித்தது. எனக்கும் முனிரத்னம்மாவுக்கும் சொல்ல முடியாத சந்தோஷம்.

இந்த நேரத்தில்தான் வசந்தகுமாரி மேடம் எங்கள் வட்டாரத்துக்கு சூப்பர்வைசராக வந்தார். சேலத்துக்காரர். ஸ்கூட்டரில் வருவார். ஹெல்மெட், கூலிங் கிளாஸ், கையுறை, சாக்ஸ், ஷூ, ஒன்று குறையாது. உள்ளே வந்ததும் பையிலிருந்து சானிடைசரை எடுத்துத் தன் கையில் ஊற்றுவார், அப்புறம் என் கையில், அப்புறம் கதவுத் தாழ்ப்பாளில். குரல் மட்டும் மைக் வைக்காமலே மூன்றாவது தெருவுக்குக் கேட்கும். ஏதோ ஒரு பயிற்சியில் ‘குழந்தையை வாய் நிறையப் பாராட்டுங்கள்’ என்று சொல்லியிருக்கிறார்கள். மேடம் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். “சூப்பர்! அருமை! யாரு பெத்த புள்ள!” என்று அவர் பாராட்டுகிற வேகத்தில் சில குழந்தைகள் அழுதுவிடும். ஆனால் எந்தக் குழந்தையையும் தூக்கிப் பார்த்ததில்லை. சுத்தக்காரர், அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒவ்வொரு குழந்தையின் பண்பாட்டுக்கும் மையத்தில் இடம் தர வேண்டும் என்று மேலிடத்தில் சொல்லியிருந்தார்கள். மேடம் உடனே பண்பாட்டு விழா அறிவித்துவிட்டார். “ஒவ்வொரு குழந்தையும் அவங்கவங்க மாநில டிரெஸ்ல வரணும் ஸ்டெல்லா. ஒடிசான்னா ஒடிசா தெரியணும், பீகார்னா பீகார் தெரியணும். போட்டோ அனுப்பணும்.”

முனிரத்னம்மா மூலமாகச் சபிதாவைக் கேட்டேன், உங்கள் ஊரில் குழந்தைக்கு என்ன உடுத்துவீர்கள் என்று.

“பிராக்கு” என்றாள்.

பீகார்க்காரியைக் கேட்டால் அவளும் பிராக் என்றாள். ஆனேக்கல்காரி, திருவண்ணாமலைக்காரி, எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். விழா அன்று பார்த்தால் இந்தியாவின் அத்தனை மாநிலமும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கிய ஒரே மாதிரி ரோஸ் கலர் பிராக்கில் வந்து நிற்கிறது. மேடத்துக்கு முகம் வாடிவிட்டது. ஒரு பையனுக்காவது தலைப்பாகை கட்டலாம் என்று தன் துப்பட்டாவையே எடுத்துக் கட்டினார். அவன் குருபரப்பள்ளியிலிருந்து வந்த தமிழ்ப் பையன். ராஜஸ்தான் என்று சொல்லி நிறுத்தினார். அவனும் பெருமையாக நின்றான்.

வந்ததற்கு எடையும் பார்த்துவிடலாம் என்றார். மாமுனி தராசில் ஏறியது. மேடம் போனைத் தூக்கினார், உடனே இறக்கினார். “என்னங்க இது, கன்னத்துல கரி? போட்டோல அழுக்கா தெரியும்” என்று ஈரத் துணியை எடுத்துத் திருஷ்டிப் பொட்டை அழுத்தித் துடைத்துவிட்டார். எனக்குப் பின்னால் முனிரத்னம்மா “தேவுடா” என்றாள். அடுத்த நிமிஷம் முள்ளைப் பார்த்த மேடத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “வந்தப்ப எப்படி இருந்தா, இப்ப எப்படி இருக்கா பாருங்க! தங்கக் கட்டி! கொழுகொழுன்னு! எல்லாரும் கை தட்டுங்க!” தாய்மார்கள் எல்லோரும் மாமுனியைத் திரும்பிப் பார்த்துக் கை தட்டினார்கள். சபிதா தட்டவில்லை. அவள் பொட்டு இல்லாத கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலமே குழந்தைக்குக் காய்ச்சல்.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் பார்த்தார், ஊரெல்லாம் இதே காய்ச்சல்தான் என்றார், மருந்து கொடுத்தார். சில நாளில் சரியாகிவிட்டது. ஆனால் மாமுனி மையத்துக்கு வரவில்லை. இன்று வரும், நாளை வரும் என்று பார்த்துவிட்டு, ஒருநாள் மத்தியானம் நானும் முனிரத்னம்மாவும் லைன் வீட்டுக்குப் போனோம்.

கதவில் பூட்டு தொங்கியது. வேலைக்குப் போயிருப்பார்கள், குழந்தையை யாரிடம் விட்டார்களோ என்று திரும்பினோம். ஜன்னலில் சின்னதாக ஒரு சத்தம். எட்டிப் பார்த்தால் உள்ளே மாமுனி, தனியாக. தரையில் ஒரு தட்டில் பொரி, பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர். மூலையில் கரண்டு அடுப்பு. குழந்தை என்னைப் பார்த்ததும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டது. அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். ஷிப்ட் முடிந்து சபிதா வரும் வரைக்கும் அந்த ஜன்னலுக்கு வெளியிலேயே உட்கார்ந்து தளிக் கன்னடத்திலும் தமிழிலும் கதை சொல்லிக்கொண்டிருந்தேன்.

சபிதா வந்ததும் நான் கத்தினேன், அவளும் கத்தினாள், நடுவில் முனிரத்னம்மா இரண்டு பேரையும்விடச் சத்தமாக மொழிபெயர்த்தாள்.

“டாக்டர் மருந்து காய்ச்சலுக்குத்தானாம் டீச்சரம்மா. கண்ணுக்கு யாரு மருந்து குடுத்தாங்கன்னு கேக்குது. பொட்டைத் துடைச்சுட்டு, அத்தினி பேரு முன்னாடி கொழுகொழுன்னு சொன்னாங்க இல்ல, அந்தக் கண்ணு இன்னும் மேலயே கீதாம். மறுபடி அங்க அனுப்பினா புள்ள தங்காதுன்னு பயப்படுது.”

“அதுக்காகப் பூட்டி வெக்கறதா? அடுப்புல கை வெச்சா?”

சபிதா சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழ ஆரம்பித்தாள். அவள் வீட்டுக்காரர் ஒரு முடிவே எடுத்துவிட்டாராம். அடுத்த வாரம் ஊருக்குப் போகிற தெரிந்தவரோடு ரயிலில் மாமுனியை அனுப்பி, அவர் அம்மா வீட்டில் விட்டுவிடுவதாம். பெற்றவள் இங்கே, பிள்ளை அங்கே. சபிதாவுக்கு அதில் சம்மதமில்லை. ஆனால் பயம் அவளைப் பேசவிடவில்லை.

“இதுக்கு என்னதான் வழின்னு கேளு” என்றேன்.

வழி இருந்தது. கண் வைத்தவரின் காலடி மண்ணை எடுத்து, கடுகு மிளகாயோடு சேர்த்துக் குழந்தைக்குச் சுற்றி நெருப்பில் போட வேண்டும்.

“அட, நம்மூர்ல செய்யறதுதானே!” என்று முனிரத்னம்மாவுக்கு ஒரே குஷி. “இவ்ளோதானா! நான் எடுத்துக்குனு வர்றேன் பாருங்க!”

எடுப்பது அவ்வளவு சுலபமா? மேடம் மண்ணில் கால் வைத்தால்தானே! ஸ்கூட்டரிலிருந்து சிமெண்ட் நடைபாதை, அங்கிருந்து டைல்ஸ் தரை. அடுத்த தடவை மேடம் வருகிற அன்று, முனிரத்னம்மா குழந்தைகளின் மணல் தொட்டியிலிருந்து ஒரு முறம் மண்ணை வாசலில் பரப்பி வைத்தாள். மேடம் வந்தார். நின்றார். “யாருங்க இங்க மண்ணைக் கொட்டுனது? குழந்தைங்க வர்ற இடமா இது? முதல்ல பெருக்குங்க!” முனிரத்னம்மா வாயெல்லாம் பல்லாகப் பெருக்கினாள். திட்டு வாங்கிக்கொண்டு அவ்வளவு சந்தோஷமாகப் பெருக்கிய ஆளை மேடம் பார்த்திருக்க மாட்டார், திரும்பித் திரும்பிப் பார்த்தார். பெருக்கி முடித்த பிறகுதான் தெரிந்தது, மேடம் மண்ணை மிதிக்கவே இல்லை, தாண்டி வந்துவிட்டார். அதில் இருந்தது முழுக்க என் செருப்புத் தடம்.

“இதையே குடுத்துடலாம் டீச்சரம்மா, மண்ணுல பேரா எழுதியிருக்குது?” என்றாள்.

குடுத்தும் பார்த்தாள். சபிதா பொட்டலத்தை வாங்கவே இல்லை. “மேடம் தெரிஞ்சு குடுத்தாங்களா?” என்று ஒரே கேள்விதான் கேட்டாள். அவர்கள் வீட்டு வழக்கத்தில் திருடின மண் ஆகாது. கண் வைத்தவரே வந்து நின்று, மனசார எடுத்துக்கோ என்று சொல்ல வேண்டும்.

வேறு வழியில்லாமல் மேடத்திடம் நானே போய்ச் சொன்னேன். முனிரத்னம்மாவும் பின்னால் வந்து நின்றுகொண்டாள். மேடம் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

“என் கண்ணு பட்டுச்சுன்னு சொல்லுதா அந்தப் பொண்ணு?”

“அப்படி இல்லங்க மேடம்...”

“எப்படி இல்ல? கவர்ன்மென்ட் சென்டர்ல வந்து மூடநம்பிக்கையா? நீங்களும் இதுக்கு உடந்தையா? மெமோ வரும் ஸ்டெல்லா, சொல்லிட்டேன்!”

“மண்ணுதானே மேடம் கேக்கறோம், சொத்தா கேக்கறோம்?” என்றாள் முனிரத்னம்மா.

மேடம் அவளை உற்றுப் பார்த்தார். “அன்னைக்கு வாசல்ல மண்ணைக் கொட்டுனது இதுக்குத்தானா?”

முனிரத்னம்மா மேலே சுற்றிக்கொண்டிருந்த ஃபேனை ஆராய ஆரம்பித்தாள்.

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேன். மேடம் ஹெல்மெட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். குரல் இறங்கிவிட்டது. அந்தக் குரல் இறங்கி நான் கேட்டதில்லை.

“எனக்குக் குழந்தை இல்லைன்னு உங்களுக்குத் தெரியும்தானே?”

“தெரியுங்க மேடம்.”

“என் நாத்தனார் வளைகாப்புக்குப் போனேன். வாசல்லயே சேர் போட்டு உக்கார வெச்சாங்க. உள்ள வளையல் சத்தம் கேக்குது. காத்து வரும், இங்கயே இருங்கன்னாங்க. அப்புறம் பிறந்த குழந்தையைப் பாக்கப் போனா தூங்குதுன்னாங்க. எப்பப் போனாலும் தூங்குது. யாரும் வாய்விட்டு எதுவும் சொன்னதில்ல. அதுக்கப்புறம் நான் யார் குழந்தையையும் கேட்டு வாங்கித் தூக்கறதில்ல. சென்டர்ல வாயால பாராட்டறேன், அது போதும்னு இருந்தேன். இப்ப அதுவும் தப்பாப் போச்சு.”

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார். சானிடைசர் பாட்டிலை மேசையிலேயே மறந்துவிட்டார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

ரயிலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. கடைசியாகச் சபிதாவின் கையைக் காலைப் பிடித்தாவது பார்ப்போம் என்று, சர்ச்சில் பூசை முடிந்து நேராக லைன் வீட்டுக்குப் போனேன். முனிரத்னம்மா எனக்கு முன்னாலேயே அங்கே இருந்தாள். பேசிக்கொண்டிருக்கும்போதே ஸ்கூட்டர் சத்தம். மேடம்!

வண்டியை நிறுத்தினார். எங்கள் யாரையும் பார்க்காமல் குழாயடிக்கு வந்தார். ஷூவைக் கழற்றினார், சாக்ஸைக் கழற்றினார், இரண்டையும் ஒழுங்காக ஓரத்தில் வைத்தார். புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் இறங்கி நின்றார்.

“ஸ்டெல்லா, என்னை ஒதுக்குனவங்க யாரும் மூஞ்சிக்கு நேரா ஒரு வார்த்தை பேசினதில்ல. இந்தப் பொண்ணு கேட்டுட்டு எடுக்குது. எடுத்துக்கச் சொல்லுங்க.”

முனிரத்னம்மா அதைத் தெலுங்கில் சொன்னாள். சபிதா வந்து மேடத்தின் காலடியில் உட்கார்ந்து ஒரு சிட்டிகை மண் எடுத்தாள். எடுத்த கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அவ்வளவுதான், லைன் முழுக்கக் கதவு திறந்தது. ஞாயிற்றுக்கிழமை இல்லையா, எல்லோரும் வீட்டில். ஆளாளுக்கு ஒரு வழி சொன்னார்கள். திருவண்ணாமலைக்காரி கல்லுப்போடு ஓடி வந்தாள். ஆனேக்கல்காரி விளக்குமாற்றுக் குச்சிகளை ஒடித்துக்கொண்டு வந்தாள், குச்சி இல்லாமல் திருஷ்டி எடுப்பதை அவள் வாழ்நாளில் பார்த்ததில்லையாம். பீகார்க்காரி கடுகு கொண்டுவந்தாள். ஆந்திராக்காரி மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த சிவப்புத் தண்ணீரோடு வந்துவிட்டாள். கடைசி அறை முஸ்லிம் அம்மா, ஓதி ஊதினால் போதும், இதெல்லாம் எதற்கு என்று சொல்லிக்கொண்டே மற்றவர்களை விலக்கி முன்னால் வந்தார். வலப்பக்கம் சுற்றுவதா இடப்பக்கம் சுற்றுவதா என்று பெரிய சண்டை. ஐந்து மொழியில் கத்துகிறார்கள். நடுவில் மாமுனி வழக்கம்போலச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

மேடத்துக்குப் பொறுக்கவில்லை. வெறுங்காலோடு சேற்றில் நின்றபடியே குரலைத் தூக்கினார். “என்னங்க இது! ஒவ்வொருத்தரா வாங்க! வரிசை! உப்பு முதல்ல, கடுகு அப்புறம். விளக்குமாறு, நீங்க பின்னால நில்லுங்க! ஓதறவங்க ஓதட்டும், யாரும் பேசாதீங்க! ஸ்டெல்லா, உங்களுது என்ன?”

“ஒரு ஜெபம்தாங்க மேடம்.”

“அப்ப குச்சிக்கு அடுத்தது நீங்க!”

அப்படியே நடந்தது. ஒவ்வொருத்தியும் வந்து தன் ஊர் வழக்கப்படி மாமுனிக்குச் சுற்றினாள். நான் நெற்றியில் சிலுவை போட்டேன். மேடம் அறிவித்த பண்பாட்டு விழா அன்றைக்குத்தான் நடந்தது என்று நான் இன்றைக்கும் நினைக்கிறேன். ரேவதி, பாயிண்ட் வேண்டுமென்றால் இதை எழுதிக்கொள். ஒரு வீட்டில் என்ன உடுத்துகிறார்கள் என்று கேட்காதே, எதற்குப் பயப்படுகிறார்கள் என்று கேள். அதற்கப்புறம் நான் புதிதாக ஒரு குழந்தை வந்தால், இதைத் தூங்க வைக்க என்ன செய்வீர்கள், பயந்தால் என்ன செய்வீர்கள் என்றுதான் அம்மாவிடம் முதலில் கேட்டேன். அதையே மையத்திலும் செய்தேன், மற்றக் குழந்தைகளும் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள்.

சுற்றி முடித்ததும், சபிதா கையில் இருந்த மண்ணிலும் மிளகாயிலும் துப்பு என்றார்கள். மாமுனி துப்பியது. மேடத்தின் புடவையில் விழுந்தது. லைனே சிரித்தது, மேடம் சிரிக்கவா திட்டவா என்று தெரியாமல் நின்றார்.

முனிரத்னம்மா அதற்குள் சட்டியில் நெருப்பு போட்டிருந்தாள். எல்லாவற்றையும் அதில் கொட்ட வேண்டியதுதான் பாக்கி. இவ்வளவு சண்டை போட்ட அத்தனை பேருக்கும் ஒரு விஷயத்தில் மட்டும் கருத்து வேறுபாடே கிடையாது. நெருப்பில் போட்ட மிளகாய் நெடி அடிக்காமல் எரிந்தால் கண் பட்டிருக்கிறது என்று அர்த்தம். நெடி அடித்தால் கண்ணே படவில்லை. ஒடிசாவிலும் அப்படித்தான், பீகாரிலும் அப்படித்தான், எங்கள் மத்தூரிலும் அப்படித்தான்.

மேடத்துக்கும் அது தெரியும். முகத்தைப் பார்த்தேன். பரீட்சை ரிசல்ட்டுக்கு நிற்கிற பிள்ளை மாதிரி நின்றார். கைவிரல்கள் புடவையைப் பிசைந்துகொண்டிருந்தன. நான் மனசுக்குள் மாதாவை வேண்டிக்கொண்டேன், எதற்கு வேண்டினேன் என்று பாதிரியாரிடம்கூடச் சொன்னதில்லை.

சபிதா கொட்டினாள். ஒரு விநாடி ஒன்றுமில்லை.

அப்புறம் வந்தது பாருங்கள் ஒரு நெடி! முதலில் ஆனேக்கல்காரி இருமினாள். அடுத்து பீகார்க்காரி. அடுத்து லைன் மொத்தமும். மாமுனி தும்மியது. கண்ணைத் திறக்க முடியவில்லை. ஹவுஸ் ஓனர் மாடியிலிருந்து, “யாருடா கீழே? கொல்றீங்களாடா எங்களை?” என்று இருமிக்கொண்டே கத்தினார்.

“கண்ணு இல்ல! கண்ணே இல்ல!” என்று திருவண்ணாமலைக்காரி இருமலுக்கு நடுவில் கூவினாள். அதையே எல்லோரும் அவரவர் மொழியில் சொன்னார்கள்.

சபிதா ஒரு நிமிஷம் மேடத்தையே பார்த்தாள். பிறகு மாமுனியைத் தூக்கிக்கொண்டு வந்து, மேடத்தின் கையில் கொடுத்தாள். மேடம் வாங்கிக்கொண்டார். எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் கொஞ்சம் தடுமாறினார், முனிரத்னம்மா போய் முட்டுக் கொடுத்தாள். மேடத்தின் கண்ணில் தண்ணீராகக் கொட்டியது. எல்லோர் கண்ணிலும்தான் கொட்டியது, அதனால் யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது முனிரத்னம்மாவிடம் கேட்டேன். “ஏண்டி, அந்தச் சட்டியில எவ்வளவு மிளகாய் போட்டே?”

“அவங்க கொட்டினது கொஞ்சம்தான். அது கூடவே நான் அள்ளிப் போட்டது வேற” என்றாள். “நெடி வரணும்னா வர வெக்கணும் டீச்சரம்மா.”

மறுநாள் காலையில் மேடம் எனக்கு முன்னாலேயே மையத்துக்கு வந்து உட்கார்ந்திருந்தார். போட்டோ எதுவும் கேட்கவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சபிதா வந்தாள், இடுப்பில் மாமுனி, கன்னத்தில் பொட்டு. அவளுக்குப் பின்னால் பீகார்க்காரி வந்தாள், அவள் கையில் அதுவரை மையத்துக்குக் கூட்டிவராத ஒரு சின்னப் பையன். அவளுக்குப் பின்னால் அசாம்காரப் பெண் ஒருத்தி, அப்புறம் இன்னும் இரண்டு பேர், ஒவ்வொருத்தியிடமும் ஒரு குழந்தை. ஒன்றையும் நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. மையத்திலிருந்து கூப்பிடு தூரம்தான் அந்த லைன். பூட்டின கதவைப் பார்த்தால் ஆள் இல்லை என்றுதான் நானும் இத்தனை நாள் நினைத்துக்கொண்டு நடந்திருக்கிறேன்.

மேடம் எழுந்து நின்றார். அந்தக் குழந்தைகளைப் பார்த்தார், உடனே பழக்கத்தில் தலையைத் திருப்பிக்கொண்டார். வாயையும் இறுக்கி மூடிக்கொண்டார்.

பீகார்க்காரி விடவில்லை. மேடம் எதிரே போய் நின்று, பையனை அவர் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். அவளுக்குத் தெரிந்த தமிழே கொஞ்சம்தான்.

“பாருங்க மேடம்” என்றாள். “நல்லாப் பாருங்க.”